மாதம்மாளுக்கு ஓர் ஆள்

ஸ்டெல்லா யார் வீட்டுப் பாத்திரத்தையும் தன் அறையில் ஓர் இரவு தங்க விடமாட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் பலா வெட்டினால் நாலு வீட்டுக்குச் சுளை போகும். கிண்ணம் போன வீட்டிலேயே சில நாள் கிடக்கும். அங்கே எப்போதாவது பணியாரமோ பாயசமோ செய்தால் அதை நிரப்பிக்கொண்டு திரும்பி வரும். எந்த வீட்டுக் கிண்ணம் என்பதே மறந்துபோய் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் கிண்ணங்களும் உண்டு. ஸ்டெல்லாவிடம் போனது மட்டும் பொழுது சாய்வதற்குள் தேய்த்துக் கழுவித் துடைக்கப்பட்டு, அடியில் ஒரு பிடி பொட்டுக்கடலையோடு வீடு வந்து சேரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். அதற்கென்றே ஜன்னல் மேடையில் ஒரு டப்பா பொட்டுக்கடலை வைத்திருந்தாள்.

"ரத்தக்காரம்மா ஊட்டுக்குப் போன கிண்ணம் சூடு ஆறதுக்குள்ள வந்துரும்" என்று அடுத்த வீட்டு மாதம்மாள் பல வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள் என்பதால் வந்த பெயர் அது. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நேரில் அவள் நர்சம்மா. நான் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன் என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

திண்டுக்கல் பக்கத்து ஊர் அவளுக்கு. அப்பா கொத்தனாரிடம் கையாளாக இருந்தவர். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். கொல்லிமலையில் ஒப்பந்த வேலை என்று கடிதம் வந்தபோது, ஒரு வருடம் இருந்துவிட்டு நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு மேலே வந்து இறங்கியபோது இருபத்தாறு வயது. இப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வருடம் முடியவே இல்லை.

ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொள்வாள். அதனால் கட்டில் வாங்கவில்லை. ரேஷன் கார்டு அண்ணன் வீட்டிலேயே இருந்தது. ஓட்டும் அங்கேதான். மகளிர் குழுவில் சேரச் சொல்லி வந்தவர்களிடம், நான் போகிற ஆள், எனக்கெதற்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினாள். போகிற ஆளாகவே பதின்மூன்று வருடம் இருந்துவிட முடியும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை.

செம்மேட்டிலிருந்து திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தின் பக்கம் பிரியும் ரோட்டில், சின்னக்கண்ணுவின் லைன் வீட்டில் கடைசி அறை அவளுடையது. தகரக் கூரை. மார்கழியில் பனிமூட்டம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து பாயை ஈரமாக்கிவிட்டுப் போகும். ஆனால் அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்த வீட்டில் வளர்ந்து, பிறகு பத்துப் பேர் தங்கும் விடுதியில் படித்தவளுக்கு, தானே போட்டுத் தானே திறக்கும் தாழ்ப்பாள் வாழ்க்கையில் அதுதான் முதல். வேலை முடிந்து வந்து அதைப் போடும்போது எழும் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். உள்ளே யாருமில்லை என்பது சில நாள் நிம்மதியாக இருக்கும், சில நாள் வேறு மாதிரி இருக்கும். இரண்டில் எது உண்மை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

அந்த வருடம் ஆடியிலிருந்து சம்பளம் நின்றுபோனது. ஒப்பந்த ஆட்களை எடுத்துக் கொடுக்கும் கம்பெனி மாறப்போகிறது என்றார்கள். பழைய கம்பெனி புதியதைக் கைகாட்டியது, புதியது இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் சேர்த்து வரும் என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள். கையிலிருந்த கொஞ்சம் பணம் அம்மாவின் மாத்திரைக்குப் போனது. வாடகை நின்றது. முதல் தேதி காலையிலேயே வாடகையை நீட்டிப் பழகியவள், சின்னக்கண்ணு திண்ணனூர்த் தோட்டத்துக்குக் கிளம்பிப் போன பிறகு கதவைத் திறக்கவும், அவர் திரும்புவதற்கு முன் தாழ் போட்டுக்கொள்ளவும் பழகினாள்.

சின்னக்கண்ணு கெட்ட மனிதர் இல்லை. ஐப்பசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்த்திகையில் ஒரு காலை அவள் கிளம்பும் நேரம் பார்த்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க நர்சம்மா, நானாக் கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். பையன் திருப்பூருல இருந்து போனப் போட்டுக் கத்தறான். கீழ இருந்து வந்த ஆபீசர் ஒருத்தரு ரூமு கேக்கறாருங்க. அட்வான்சும் சேத்தித் தாரேங்கிறாரு."

எப்போதுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"தை பொறக்கறதுக்குள்ள பாத்துக் குடுத்துருங்க. இல்லீன்னா..." அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க நல்ல ஆளுதானுங்க" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

கழுத்துச் செயினை செம்மேட்டில் அடகு வைத்துப் பாதி பாக்கியைக் கட்டினாள். மீதிப் பாதிக்கு வழியில்லை.

கேட்டுப் பழகாதவள் கேட்கத் தொடங்கினாள். முதலில் தாலுகா ஆபீசுக்குப் போனாள். அங்கே எழுத்தராக இருந்த சுந்தரராஜன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சர்க்கரைக்கு மாதாமாதம் அவளிடம்தான் ரத்தம் கொடுப்பார். உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். வீடு இடிந்தால் ஏதோ உதவி இருக்கிறது, வீடு கட்ட இருக்கிறது, வாடகை பாக்கிக்கு என்று தனக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்றார். அப்படியே ஏதாவது இருந்தாலும் என்று இழுத்துவிட்டு, "நீங்க இந்த மலையில இருக்கீங்கன்னு காட்ட உங்ககிட்ட என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஸ்டெல்லா யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

மகளிர் குழுத் தலைவி பரிமளா முகம் கோணாமல் பேசினாள். குழுவில் கடன் இருக்கிறது, ஆனால் உறுப்பினருக்குத்தான். இப்போது சேர்ந்தால்கூட ஆறு மாதம் சேமிப்புக் கட்டிய பிறகுதான் கேட்க முடியும். எத்தனை தடவை வந்து கூப்பிட்டோம் என்று அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ஸ்டெல்லாவுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் கோயிலில் உட்கார்ந்திருந்தாள். பாதிரியார் மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டே வந்து, நல்லாயிருக்கியாம்மா என்றார். நல்லாயிருக்கேன் ஃபாதர் என்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவள் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மற்ற இரண்டு இடத்திலும் கேட்க முடிந்தவளுக்குத் தன் கோயிலில் ஏன் முடியவில்லை? அங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பதால் இருக்கலாம்.

அண்ணன் போனில் வந்துவிடச் சொன்னான். மொட்டை மாடியில் தகர ஷெட் ஒன்று போட்டிருக்கிறான், சாமான்களை ஓரமாக ஒதுக்கினால் ஓர் ஆள் படுக்கலாம். பின்னால் அண்ணி ஏதோ சொல்வதும், அவன் போனைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டது. அந்த ஷெட்டுக்குக் கதவு இருக்கிறதா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

மார்கழி பிறந்த வாரம் ஒரு சாயங்காலம் மாதம்மாள் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கொண்டுவந்தாள். மாதம்மாளுக்கு ஐம்பதுக்கு மேல் வயது. புருஷன் இல்லை. மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். பின்பக்கச் சரிவில் கொஞ்சம் சாமைக் காடு, நாலு மிளகுக் கொடி, அதுதான் அவளுக்கு. ஸ்டெல்லா கதவைப் பாதி திறந்து, சாப்பிட்டாச்சு என்றாள்.

மாதம்மாள் அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். அடுப்பு அன்று பற்றவைத்த மாதிரியே இல்லை. ஜன்னல் மேடையைப் பார்த்தாள்.

"பொட்டுக்கடல தீந்துபோச்சா கண்ணு?"

ஸ்டெல்லா கதவைப் பிடித்தபடியே அழுதாள். மலைக்கு வந்த இத்தனை வருடத்தில் இன்னொருவர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. மாதம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்டாள். கேட்டதும் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். "ஏழெட்டு ஆளு கூலி. அவ்வளவுதான" என்றாள்.

மறுநாள் காலை ஸ்டெல்லாவைக் கையோடு கூட்டிக்கொண்டு சின்னக்கண்ணுவின் வாசலுக்குப் போனாள். அந்த மார்கழியில் மலை முழுக்கக் காப்பிப் பழம் சிவந்து நின்றது. பறிக்க ஆள் இல்லை. இளவட்டமெல்லாம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்விட்டிருந்தது. சின்னக்கண்ணுவின் தோட்டத்தில் பழம் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது.

"ஏண்ணா, ஆளு கெடைக்கல, ஆளு கெடைக்கலன்னு ரோட்டுல போறவங்களயெல்லாம் புடிச்சு அழுவறயாமா. நாங்க வாரோம்" என்றாள் மாதம்மாள். "கூலி எங்க கையில வேண்டாம். இந்தப் புள்ள வாடகையில கழிச்சுக்க."

சின்னக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏழெட்டுப் பேரு சேந்தா பழம் பறிப்பீங்களா, ஊர்க்கதை பறிப்பீங்களா?"

"ரெண்டுந்தான். கதைக்குக் கூலி கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தப் பக்கத்தில் இதை மாத்தாள் என்பார்கள். ஒரு வீட்டு வேலைக்கு மற்ற வீட்டு ஆட்கள் போவார்கள். அந்த வீட்டு ஆள் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் போய் வேலை செய்துவிட்டு வருவார். நடுவில் காசு கிடையாது. யாருக்காக ஆள் போகிறதோ அவரும் கூடப் போக வேண்டும், சாப்பாடு அவர் பொறுப்பு. இதையெல்லாம் மாதம்மாள் வழியில் சொல்லிக்கொண்டு வந்தாள். திருப்பிச் செய்ய வேண்டியதைப் பற்றியும் சொன்னாள். ஸ்டெல்லாவின் காதில் சாப்பாடு மட்டும்தான் விழுந்தது. எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்ற கவலையில் இருந்தாள்.

வார விடுமுறை நாளில் மாதம்மாளும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாக ஏழெட்டுப் பேர் சின்னக்கண்ணுவின் தோட்டத்துக்குப் போனார்கள். ஸ்டெல்லா தக்காளிச் சோறு கிளறி, இரவல் குண்டானில் சுமந்து வந்தாள். உப்புக் குறைவு. இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிவிட்டு, பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்கச் சொன்னார்கள். அவள் வேகமாக முடிக்க நினைத்துக் கொத்தோடு பிய்த்தாள்.

"நோகாம ஊசி குத்தற கையி, செடிய மட்டும் இந்தப் பாடு படுத்துது" என்றாள் ஆயம்மாள். கூட்டத்தில் மூத்தவள் அவள், வாயும் அவளுக்குத்தான் பெரியது. "அடியே, ரத்தக்காரம்மா பக்கத்துல நிக்காதீங்க. கையி நடுங்குச்சுன்னா உங்களயும் பிச்சுருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முகத்துக்கு நேரே ரத்தக்காரம்மா என்று சொல்லிவிட்டோமே என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். ஆனால் அடுத்து அவர்கள் பேசியதில் அவளால் கலந்துகொள்ள முடியவில்லை. யாருடைய மகள் யாரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள், பைல் நாட்டில் எந்த வீட்டுப் பங்கு பிரியாமல் கிடக்கிறது என்று பேச்சு செடிக்குச் செடி தாவிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. அத்தனை பேரின் ரத்த வகையும் தெரியும், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஆயம்மாள் கேட்டாள். "ராத்திரியில பாடுவீங்களே, இப்பல்லாம் ஏன் பாடறதில்ல?"

ஸ்டெல்லாவுக்கு முதலில் புரியவில்லை. தாழ் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவும்போது கோயில் பாட்டு எதையாவது மெதுவாக முனகுவது அவள் வழக்கம். அது அவளுக்கே சரியாகக் கேட்காது என்றுதான் நினைத்திருந்தாள். தகரக் கூரை அதை நாலு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ரெண்டாவதாப் பாடறது நல்லாயிருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஐப்பசியிலிருந்து பாட்டு நின்றுவிட்டது என்று மாதம்மாள் சொன்னாள். யாரும் இல்லை என்று நினைத்து வாழ்ந்த இடத்தில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, கூச்சமாகவும் இல்லை. எதையோ தவறவிட்டது போல் இருந்தது.

சாயங்காலம் பழத்தை அளந்துவிட்டு, சின்னக்கண்ணு மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "பாக்கி தீந்துச்சுங்க நர்சம்மா. ஆபீசருகிட்ட ரூமு இல்லீன்னு சொல்லிடறேன்" என்றார். அன்று இரவு ஸ்டெல்லா பாடவில்லை. கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்த பிறகு எப்படிப் பாடுவது?

தையில் திடீரென்று இரண்டு மாதச் சம்பளம் வந்தது. அடகு வைத்த செயினை மீட்கக்கூட அவள் போகவில்லை. முதல் வேலையாக ஓர் உறைக் கட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நாள் கூலியும் அதற்கு மேல் கொஞ்சமும் வைத்தாள். ஒவ்வொரு வீடாகப் போனாள். மனசு லேசாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து நடப்பது போல் இருந்தது.

ஆயம்மாள் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் மருமகளை விட்டு வாங்கச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில், வைத்துவிட்டுப் போங்க என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

மாதம்மாள் மிளகுக் கொடிக்கு அடியில் சருகு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். உறையைக் கையில் வாங்கவே இல்லை.

"இது என்னங்க?"

எப்போதும் கண்ணு என்கிறவள். அந்த ங்க ஸ்டெல்லாவுக்குச் சுருக்கென்றது.

"அன்னிக்கு வந்தீங்கல்லக்கா. அந்தக் கூலி."

"நாங்க கூலிக்கு வரலீங்களே."

"தெரியும்க்கா. ஆனா கடன் வைக்கக்கூடாதுல்ல."

"ஏன் வைக்கக்கூடாது?"

இப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்றே ஸ்டெல்லாவுக்குத் தோன்றியதில்லை.

"காசு குடுத்துட்டா முடிஞ்சு போச்சுங்க" என்றாள் மாதம்மாள். "முடிச்சுக்கலாம்னு உங்ககிட்ட யாரு வந்து கேட்டா?" சொல்லிவிட்டு மறுபடி சருகைக் கூட்ட ஆரம்பித்தாள்.

அதன் பிறகு கிண்ணம் எதுவும் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. எதிரில் வந்தால், வேலைக்குங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். வாடகை முதல் தேதியில் போய்ச் சேர்ந்தது, கதவில் தாழ்ப்பாள் இருந்தது, யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. அவள் ஆசைப்பட்ட மாதிரியேதான் எல்லாம் இருந்தது.

சின்ன வயதில் மளிகைக் கடைக்கு அனுப்பும்போது அப்பா அவளைத்தான் அனுப்புவார். பெண் பிள்ளையைப் பார்த்தால் கடைக்காரர் சத்தம் போடமாட்டார் என்று ஒரு கணக்கு. அவர் போட்டார். உங்கப்பன் பாக்கி எவ்வளவு தெரியுமா என்று தெரு கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் பருப்பை நிறுப்பார். பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண், பெரியவளானால் யாரிடமும் பாக்கி வைக்கமாட்டேன் என்று முடிவு செய்தாள். முடிவு செய்தபடியே வாழ்ந்தும் விட்டாள். அந்தக் கடைக்காரரும் மாதம்மாளும் ஒன்றா? ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ள இத்தனை வருடம் ஏன் ஆனது? படித்தேன், வேலைக்கு வந்தேன், சம்பாதித்தேன், அதில் எந்த இடத்தில் இதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்? இரவில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதையே சுற்றிச் சுற்றி யோசித்தாள்.

மாசியில் மிளகு பறிப்பு தொடங்கியது. ஒரு விடுமுறை நாள் காலையில் ஆயம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்களுக்கு ஒரு ஆள் வரணும்ல. நான் வந்திருக்கேன்."

ஆயம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கொடிய அத்துப்புட மாட்டீங்களே?"

"ஏணியில ஏறமாட்டேன். கீழ உதுந்தத பொறுக்கறேன்."

"பொறுக்கறதுக்கு வந்த மூஞ்சியப் பாரு. சேலைய மாத்திட்டு வா கண்ணு, கறையாயிரும்."

அன்று முழுக்கக் குனிந்து மிளகு பொறுக்கினாள். மறுநாள் ரத்தம் எடுக்கும்போது இடுப்பு நிமிரவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது ஆயம்மாள் அவள் பையில் எதையோ செருகினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிரிக்காத உறை. அடுத்தடுத்த விடுமுறைகளில் ஒவ்வொரு வீடாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலைக்கூட இரண்டு வாரம் விட்டாள். உறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கிண்ணங்களும் வரத் தொடங்கின. கழுவிய கிண்ணத்தை அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடாமலிருக்க அவள் மிகவும் சிரமப்பட்டாள்.

மாதம்மாளின் நாள் மட்டும் மீதி நின்றது. அவளுடைய நாலு கொடியை ஒரு காலையில் அவளே பறித்து முடித்துவிட்டாள். தனக்கு ஆள் வேண்டியது ஆவணியில், சாமைக் காட்டில் களை எடுக்கும்போதுதான் என்றாள். இப்போதே ஏதாவது கொடுங்கள், செய்துவிடுகிறேன் என்று ஸ்டெல்லா கெஞ்சினாள்.

"இல்லாத வேலைய எங்க போயி வாங்கியாரட்டும்? வேணுமின்னா உக்காந்து என் மொகத்தப் பாத்துக்கிட்டு இரு" என்றாள் மாதம்மாள். "ஆவணி எங்கயும் ஓடிப்போவாது கண்ணு."

பங்குனியில் புதிய கம்பெனி வந்தது. உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை என்று சொன்னார்கள். உள்ளூர் என்று காட்ட ஸ்டெல்லாவிடம் ஒன்றும் இல்லை. அவள் இடத்துக்கு வந்தவள் பைல் நாட்டுப் பெண், பெயர் கலைமணி. அவள் ஊரிலிருந்து அந்தப் படிப்பு படித்த முதல் ஆள். முதல் நாள் புதுச் செருப்பும் புது மணிக்கட்டுக் கடிகாரமுமாக வந்து, உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். அவளை வெறுக்க ஸ்டெல்லா ஒரு பகல் முழுக்க முயன்று பார்த்தாள். முடியவில்லை. பீரோச் சாவியைக் கொடுத்து, எந்த மருந்து எந்தத் தட்டில் என்று காட்டிவிட்டு வந்தாள்.

வேலை இல்லாமல் வாடகை இல்லை. சின்னக்கண்ணு, இன்னும் ஒரு மாதம் இருந்து பாருங்களேன் என்று சொன்னார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அவர் மகன் அதற்குள் அந்த ஆபீசரிடம் பேசிவிட்டிருந்தான். சாமான் இரண்டு பையில் அடங்கியது. கட்டில் வாங்காதது அன்றைக்கு வசதியாக இருந்தது.

கிளம்பும் நாள் மாதம்மாள் யார் தோட்டத்துக்கோ மாத்தாளாகப் போயிருந்தாள். முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். பஸ் ஏற்றிவிட யாரும் வரவில்லை. வேலை நாள், யார் வருவார்கள்? ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டாள். காரவள்ளியில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது.

இப்போது நாமக்கல்லில் ஒரு தனியார் லேபில் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் ஓர் அறை. அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. வாடகையை முதல் தேதி போனிலேயே அனுப்பிவிடுகிறாள். வீட்டுக்காரரை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

மலையிறங்கிய வருடத்து ஆவணியில் மாதம்மாளிடமிருந்து போன் வந்தது. இரண்டு நாளில் களை எடுக்கப்போவதாகச் சொன்னாள். ஸ்டெல்லா லீவு கேட்டாள், லேபில் இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருந்ததால் கிடைக்கவில்லை. ஆயம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக்கொள்கிறேன் என்றாள் மாதம்மாள். "உன் நாளு உன் நாளாவே இருக்கட்டும்."

"அக்கா, என் பேருல யாராவது ஒரு ஆளைக் கூலிக்கு நான்..." என்று ஆரம்பித்து ஸ்டெல்லா நிறுத்திக்கொண்டாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லக்கா. அடுத்த தடவ கண்டிப்பா வர்றேன்."

அடுத்த ஆவணியும் வந்து போனது. இந்த முறை லீவு கிடைத்திருக்கும், கேட்டிருந்தால். நாமக்கல்லில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் மலையில் இருக்கலாம். அதனால் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. போய் அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட்டால் முடிந்துபோய்விடும், அப்புறம் மலையில் தனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று பயப்படுகிறாளா? அல்லது எல்லோரையும் போல் அவளும் வெறுமனே தள்ளிப்போடுகிறாளா? யோசித்துப் பார்க்கிறாள். சில நாள் முதலாவது உண்மை போல் தெரிகிறது, சில நாள் இரண்டாவது. மாதம்மாள் இந்த வருடம் போன் செய்யவில்லை. களை எடுத்திருப்பாள். அவளுக்கு வர வேண்டிய ஓர் ஆள் இன்னும் வரவில்லை.